நாற்பது விநாடி நோன்பு

பிணத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் தைரியராஜ் படுக்கையறையில் தவித்துக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தார், பீரோவைத் திறந்து மூடினார். ஹாலில் மனைவி விஜயராணி பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

பிணம் கிடந்தது அவர் கையிலிருந்த இ-ரீடரின் திரையில். 'மில் முதலாளி ரத்த வெள்ளத்தில் சரிந்தார்' என்ற பக்கத்தோடு அது உறைந்து நின்றுவிட்டது. தட்டினாலும் அசையவில்லை, தள்ளினாலும் நகரவில்லை. சார்ஜ் தீர்ந்தால்கூடக் கடைசிப் பக்கம் திரையை விட்டுப் போகாத ரகம் அது.

இன்னும் சற்று நேரத்தில் காட்டூரின் அந்தத் தெருக் குடும்பங்களெல்லாம் அன்பியக் கூட்டத்துக்கு, சேர்ந்து ஜெபிக்க, அவர் வீட்டுக்கு வந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதால் வாராவாரம் இந்த இ-ரீடரில்தான் தைரியராஜ் நற்செய்தி வாசிப்பார். இன்றைக்குக் கொலையைத்தான் வாசிக்க வேண்டும் போலிருந்தது.

துப்பறியும் கதை படிப்பது ஒரு குற்றமா என்று கேட்கலாம். இந்த நாற்பது நாள் தவக்காலத்தில் குற்றம்தான். மகள் ஜெஸ்லினுக்குச் சிக்கலான கர்ப்பம். பயணமே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், துறையூரில் மாமியார் வீட்டிலேயே இருந்தாள்.

தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு விஜயராணி கறாராகச் சொன்னாள். "ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுல கதைன்னு எதுவும் கூடாதுங்க. நான் சீரியலை விட்டுடறேன். நீங்க அந்தக் கொலைக் கதையை விட்டுடுங்க. நம்ம பொண்ணுக்காக."

தைரியராஜ் முதல் வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பாதியில் விட்ட கதையில் கொன்றது யாரென்று தெரியாமல் இரண்டாம் வாரம் சோறு இறங்கவில்லை. விஜயராணி காலைப் பூசைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, திருட்டுத்தனமாக நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று படிக்க ஆரம்பித்தார்.

நிம்மதியாகவா படித்தார்? விட்ட பக்கம் விட்ட இடத்தில் இருக்காது, எங்கேயோ முன்னால் ஓடியிருக்கும். மிஷினும் தன்னைப்போல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். ஜெஸ்லின் போனில் "கால் வீங்கியிருக்குப்பா" என்றால், அந்த வீக்கமே தன்னால்தான் வந்தது என்று நெஞ்சு குறுகுறுக்கும்.

இன்று காலை ஜெஸ்லினை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மருமகன் ஜூட் போன் செய்தார். இனி அந்தக் கதையைத் தொடுவதில்லை என்று தைரியராஜ் முடிவெடுத்தார். கதையை அழிக்கவும் மனசில்லை, ஈஸ்டருக்குப் பிறகு வேண்டுமே! புத்தகத்தை மறைத்து வைக்க ஏதோ வீடியோவில் சொன்ன ரகசியக் குறியீட்டைத் தேடல் கட்டத்தில் அடித்தார். மறைய வேண்டிய கதை, கொலை விழும் முதல் அத்தியாயத்தில் தானாகத் திறந்து, அப்படியே உறைந்துவிட்டது.

அக்கா மகன் பிரவீன்ராஜுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தார்.

"மாமா, பவர் பட்டனை நாப்பது செகண்ட் விடாம அமுக்கிப் பிடிங்க. தானா அணைஞ்சு திரும்ப வந்துடும். ரீசெட் பக்கம் மட்டும் போயிடாதீங்க, எல்லாம் அழிஞ்சிடும். கண்ட வீடியோவுல சொல்றதையெல்லாம் இனிமே அடிக்காதீங்க."

மூன்று 'அருள்நிறை மரியே' ஜெபம் சொன்னால் நாற்பது விநாடி ஆகிவிடும் என்பது தைரியராஜின் கணக்கு. பட்டனை அமுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளும் இடம் வந்ததும் விரல் தளர்ந்தது. மறுபடி முதலிலிருந்து பிடித்தார், மறுபடி அதே இடத்தில் விட்டார். நாற்பது நாள் தாங்காத மனுஷனுக்கு நாற்பது விநாடியும் கூடி வரவில்லை.

ஹாலில் போன் அடித்தது. "ஆண்டவரே!" என்று விஜயராணி அலறினாள். தைரியராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர். "பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களாம். ஜூட்தான் பேசினாரு!"

தைரியராஜ் கட்டிலில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

விஜயராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க நோன்புங்க. உசுரா படிப்பீங்க, அதையே பொண்ணுக்காக விட்டீங்களே! ஆண்டவர் உங்களுக்குத்தான் மனசிரங்கியிருக்காரு. இன்னைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்."

அவமானத்தில் தைரியராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பார், இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை.

"சொல்லிடாத ராணி. நான் விடல. தினமும் நீ பூசைக்குப் போனதும் எடுத்துப் படிச்சேன். பொண்ணு அங்க வலியில கிடக்க, நான் இங்க இதைப் படிச்சிட்டிருந்தேன். இங்க பாரு, கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்." திரையை அவளிடம் நீட்டினார். "இத்தனை பாவம் பண்ணியும் கொன்னது யாருன்னுகூடத் தெரியல."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. "தைரியராஜ், வரலாமா?" என்று தெருப் பெரியவர் அற்புதசாமி குரல் கொடுத்தார்.

விஜயராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்து, தலை தாழ்ந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"கொன்னது முதலாளியோட தம்பிதாங்க."