ஓசிப் படம்

“உட்காருங்க. இப்ப யாரும் எழுந்திருக்கக் கூடாது.”

பெரியப்பா சொன்ன தோரணையில் கூடமே விறைத்துப் போயிற்று. பெண்ணைப் பார்த்துப் பேச வந்திருந்த பையனின் அப்பா, பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பையனின் அம்மா காபியை வாய்க்குக் கொண்டு போகாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

அவருடைய தம்பி மகளான அந்தப் பெண்ணுக்கு உடனே விஷயம் புரிந்தது. ஓடிக்கொண்டிருந்த படம் நின்று, தொலைக்காட்சியில் விளம்பரம் தொடங்கியிருந்தது.

“பெரியப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது...” என்று கெஞ்சினாள்.

“இன்னிக்கு என்ன, என்னிக்கும்தான்” என்றார் அவர்.

எல்லாம் அவள் இழுத்துவிட்ட வம்பு. பார்க்க ஒன்றுமில்லாத கேபிளுக்கு எதற்குத் தண்டம் என்று நிறுத்திவிட்டு, இணையத்தில் வரும் இலவசச் சேனல்களைப் போன மாதம் அவள்தான் வைத்துக் கொடுத்தாள். இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியப்பா செய்தித்தாளை மடித்துவிட்டார்.

“ஓசியா? நம்ம குடும்பத்துல எவனும் ஓசியில ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லம்மா.”

“ஓசி இல்ல பெரியப்பா. நடுநடுவுல விளம்பரம் வரும். நாம அதைப் பார்க்கிறோம்ல, அதுதான் அவங்களுக்குக் கூலி.”

ஏதோ வாயை அடைக்கச் சொன்னாள். அவர் அதைச் சட்டமாக்கிவிட்டார். அன்றிலிருந்து விளம்பரம் வந்தால் யாரும் அசையக் கூடாது. கைப்பேசியைத் தொடக் கூடாது. கண்ணை மூடினாலும் பார்த்ததாக ஆகாது. அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். ஒருநாள் தம்பி நைசாகக் குளியலறைக்கு நழுவியதற்கு, “என்னடா, திருடிட்டு வர்றியா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

பையனும் பெண்ணும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பிடித்துப்போனவர்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்வதுதான் பாக்கி. பையனின் அப்பா பஞ்சு வியாபாரி. அண்மையில் வேறேதோ தொழிலும் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. வந்ததும் சோபாத் திண்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். அதன் பிறகு அளந்து அளந்துதான் பேசினார்.

பெரியப்பா மூன்று முறை ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவரோ ‘சார்’ என்பதை விட்டு இறங்கவில்லை. “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம் சார்” என்று கடைசியாகச் சொன்னபோது பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. பேச்சு அதோடு படுத்துவிட்டதால்தான் தம்பி தொலைக்காட்சியைப் போட்டான்.

“கொஞ்சம் காத்தாட வாசல்ல நின்னுட்டு வந்துடறேனே சார்” என்றார் பையனின் அப்பா, இன்னும் நின்றபடியே.

“தாராளமா. இது முடியட்டும்.”

வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். பார்வை மட்டும் தரையை விட்டு எழவில்லை.

திரையில் ஒரு ராஜா. சாய்ந்த கிரீடம், மார்பு வரை ஒட்டுத் தாடி. எதிரி வாளை ஓங்கி நிற்க, ராஜா கட்டிலில் விழுந்து ஒரு தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“அரியணை போனால் போகட்டும்! என் தலையணையைத் தொடாதே!”

கத்திய வேகத்தில் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பையனின் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தம்பிக்குத் தாங்கவில்லை. “இந்தத் தாடிக்காரன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு, அந்தக் கேபிளுக்கே கட்டித் தொலைச்சிருக்கலாம்ணே.”

“வாயை மூடுடா” என்றார் பெரியப்பா. “அந்த மனுஷன் வேஷம் கட்டித் தொண்டை கிழியக் கத்தறதாலதான் நீ காலை நீட்டிப் படம் பார்க்கிறே. நடிப்பு சுமார்தான், இல்லேங்கல. அதுக்காக அவர் தயவுல படத்தைப் பார்த்துட்டு, அவர் வர்றப்ப முதுகைக் காட்டினா நாமெல்லாம் என்ன குடும்பம்?”

பெரியப்பா முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு விருந்தாளி பக்கம் திரும்பினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சம்பந்தம் அமையணும்னு எங்களுக்கு ரொம்ப ஆசை. எங்க பொண்ணு ஆசைப்பட்ட இடம். ஆனா அதுக்காக ஓசியில பார்க்கிற குடும்பம்னு பேர் வாங்க முடியாது. இப்படிப்பட்ட வீடு வேண்டாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க.”

தம்பி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் ஆசை, ஒரு தலையணை விளம்பரத்தில் போயிற்று.

விளம்பரம் முடிந்து படம் மறுபடி தொடங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை.

பையனின் அப்பா மெல்ல எழுந்தார். செருப்பைத் தேடிப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேராக வந்து பெரியப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நடிப்பு சுமார்தான்” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்தத் தாடிக்காரன் நான்தான், சம்பந்தி.”