டிரெயின் நட்டை முடுக்கிய கை

பிப்ரவரி ஏழாம் தேதி, சனிக்கிழமை, காலைப் பத்து மணிக்கு, நில அளவையாளர் தம் வீட்டு முற்றத்தில், தம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, தம் மனைவிக்கு வேறொருவருடன் பழக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

சாட்சி, எஞ்சினின் அடிவயிற்றில் இருந்த டிரெயின் நட்டு. பழைய ஆயிலை வடிப்பதற்காகக் கழற்ற வேண்டிய அந்த நட்டு, அவருடைய முழு பலத்துக்கும் அசைந்து கொடுக்கவில்லை. அதன் கழுத்தில் மோதிரம்போல மின்னிய செப்பு வாஷரை அவர் வாங்கவும் இல்லை, மாட்டவும் இல்லை.

“நான் ஊர்ல இல்லாதப்போ இந்த வண்டிக்கு அடியில எவன் படுத்தான்?”

வாளியும் பழந்துணியுமாக அருகில் நின்ற மனைவி, பதில் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை அவர் அளந்துகொண்டார். அளப்பது அவருடைய தொழில்.

“ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆயில் லைட் எரிஞ்சுச்சு. நீங்க மலைப்பக்கம் சர்வேக்குப் போயிட்டீங்க. அவங்க வந்து மாத்திக் கொடுத்தாங்க.”

“எவன் அவன்?”

“‘அவன்’ இல்ல, ‘அவங்க’. மரியாதையாப் பேசுங்க.”

அந்தச் சொல்லின் இறுதியில் நின்ற ‘ங்க’ அவர் நெஞ்சில் தைத்தது. தம்மைக் குறிப்பிடும்போதுகூட அவள் அதை இவ்வளவு அழுத்தி உச்சரித்ததாக அவருக்கு நினைவில்லை.

“பேர் என்னவோ?”

“உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க.”

“ஓகோ! ரகசியம் வேறயா? எத்தனை நாள் பழக்கம்?”

“உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடியிலிருந்தே.”

ஸ்பேனர் நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. வலித்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

“முரட்டுக் கைதான் போல,” என்றார் கசப்புடன். “அறிவிருக்கிறவன் இப்படி முடுக்குவானா?”

“பலம் இல்லாதவங்க அப்படித்தான் சொல்வாங்க. போன வாரம் அந்தத் தேன் பாட்டிலோட நீங்க மல்லுக்கட்டினது மறந்து போச்சா? கடைசியில எங்கம்மாதானே திறந்தாங்க?”

“நான் முன்னாடியே லூசாக்கி வெச்சிருந்தேன். அதனாலதான் அவங்களுக்கு வந்துச்சு.”

“அன்னைக்கும் இதையேதான் அவங்க முகத்துக்கு நேராச் சொன்னீங்க.”

சொன்னது உண்மை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவரும், மருமகன் எதிரில் வாயே திறக்காதவருமான மாமியார், அன்று ஒரு புன்னகையோடு பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அதுவா பேச்சு? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் ஸ்பேனரை இழுத்தார். அது வழுக்கியது, விரல் முட்டிகள் நான்கும் இரும்பில் உரசித் தோலுரிந்தன. நட்டு, முடுக்கியவனின் பக்கமே நின்றது.

“கடைசியாக் கேக்கறேன். எவன்?”

“இன்னொரு தடவை ‘எவன்’னு கேட்டீங்கன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல.”

அவள் குரல் உடைந்திருந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் அதைச் செய்து முடிக்கிறவள் அவள் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் பொறாமை அவரைப் பின்வாங்க விடவில்லை.

“சரி, அந்த ஆளை இங்க வரச் சொல்லு. நேருக்கு நேர் ஒரே ஒரு கேள்வி கேட்டுடறேன்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். “கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? ஆமா, அதே நட்டுதான். அவர் அடியிலதான் இருக்கார். பரவாயில்ல, வாங்க. இனி மறைக்க முடியாது.”

எழுந்து வெளியே வந்தால் களத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அவர் அங்கேயே கிடந்தார். வரப்போகிறவனுக்கு மனத்துக்குள் உயரம் கொடுத்தார், தோள் கொடுத்தார், தமக்கு எந்நாளும் அமையாத அடர்ந்த மீசை ஒன்றையும் கொடுத்தார். கொடுத்த பிறகு அந்த மீசைமீதும் பொறாமைப்பட்டார்.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. கயிறு இறுக்கிக் கட்டிய இரண்டு கான்வாஸ் ஷூக்கள் காரின் மறுபக்கம் வந்து நின்றன. தம் பாதங்களைவிடச் சிறியவை என்பதில் அவருக்கு ஓர் அற்ப ஆறுதல் கிடைத்தது.

வந்தவரின் முகத்தைச் சக்கரம் மறைத்தது. முழுக்கைச் சட்டையும் தோல் கையுறையும் அணிந்த கைகள் மட்டும் உள்ளே நீண்டன. கேட்க வைத்திருந்த ஒரே கேள்வியும், நட்டைப் போலவே, அசைந்து கொடுக்கவில்லை.

அந்தக் கைகள் அவசரப்படவில்லை. நட்டின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டின. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகின. பிறகு ஒரே இழுப்பு. ‘டக்’ என்று நட்டு இளகியது. பழைய ஆயில் கறுப்பு நாடாவாக வாளியில் இறங்கியது. மிச்சம் நில அளவையாளரின் காதில் இறங்கியது.

“வந்துடுச்சா?” என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

சக்கரத்துக்கு அப்பால் ஒரு சிறு சிரிப்பொலி எழுந்தது. அதைத் தொடர்ந்து, அவர் எதிரில் ஒருநாளும் வாய் திறக்காத அந்தக் குரல் சொன்னது:

“மாப்பிள்ளை முன்னாடியே லூசாக்கி வெச்சிருந்தாருடி!”