இரண்டு சாவி

பழைய ரஷ்ய ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தடித்த கண்ணாடிக் கதவு பொருத்தினேன். மேலே காற்றுக்கு இரும்பு வலை. விளிம்பெங்கும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்; ஓரிடத்தில் நுழைந்தது. மறுபடியும் ஆணி, சுத்தியல்.

"காலையிலேர்ந்து இதே வேலையா? அது பாட்டுக்குச் சுருண்டு கிடக்கு. எங்க ஓடிடப் போகுது?" என்றாள் என் மனைவி ஒடாலிஸ்.

உள்ளே எங்கள் மலைப்பாம்பு மாம்போ, எலியை விழுங்கிய மயக்கத்தில் அசையாமல் கிடந்தது.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

பூட்டும் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு மாமியார் யூஃப்ராசியா வந்தார். முட்டிவலி, தாங்கித் தாங்கித்தான் நடை. கையில் கழுவிய காலி ஜாடி. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"பாம்பு நல்லாக் கொழுத்துட்டான், மாப்பிள்ளை! கொழுப்பை உருக்கினா இந்த ஜாடி நிறையும். ரெண்டு முட்டிக்கும் வருஷம் பூராத் தடவலாம்."

இந்தக் கைக்குப் பயந்துதான் நான் காலையிலிருந்து ஆணி அடித்தது.

"பூட்டியிருக்கு அத்தை," என்றேன், பையிலிருந்த சாவியைத் தடவியபடி. அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது.

"ஒடாலிஸ், இன்னொரு சாவி எங்கே?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "பாம்பு வெளிய வந்துட்டா பிடிக்க ஆள் வேணாமா? இந்தக் கியூபாவுலயே பாம்புக்குப் பயப்படாத ஆள் அம்மாதான். நேத்து பூட்டு வாங்கினதுமே அவங்ககிட்ட குடுத்துட்டேனே!"