ஈரத் துணி

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. அது தெரிந்தும், கடற்படையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு வந்த சந்தியாகு, சாப்பாட்டு மேசையில் ஈரத் துணியை விரித்துத்தான் தட்டை வைப்பார். கப்பல் ஆடினால் தட்டு வழுக்காதாம். "எதிர்வீட்டு அண்ணன் இன்னும் கரை ஏறலடி" என்று வேலுத்தாய் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் மொம்பாசாத் துறைமுகத்தில் குரங்கு அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய கதையை மட்டும் பத்துத் தடவையாவது போய்க் கேட்டிருப்பாள்.

சந்தியாகு இறந்து ஐந்தாம் நாள். அவர் மனைவி செசிலி சாப்பிடுவதே இல்லை என்று கேள்விப்பட்டு, என்னதான் நடக்கிறதென்று பார்த்த மாதிரியும் இருக்கட்டுமென்று, வேலுத்தாய் ரசஞ்சோற்றோடு போனாள். வெறும் மேசையில் தட்டை வைத்தாள். செசிலி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கைய எடுத்துச் சாப்பிடுங்கக்கா."

"எடுத்தா நகந்துருமே, வேலு."

தெருவுக்குச் சொல்ல அருமையான சங்கதி. வேலுத்தாய் எழுந்துபோய், கொடியில் காய்ந்து கிடந்த துணியை நனைத்துப் பிழிந்து வந்து விரித்தாள். தட்டை அதன்மேல் வைத்து, நகர்கிறதா என்று விரலால் தள்ளியும் பார்த்தாள்.

செசிலியின் வலது கை மெல்ல விலகியது.

"அந்தக் குரங்கு கடைசில தொப்பியக் குடுத்துச்சாக்கா?" என்று முதல் தடவை கேட்பவள்போலக் கேட்டாள் வேலுத்தாய்.