பழியைப் போட ஓர் இடம்

“எல்லாம் போன ஜென்மத்துல இது செஞ்ச பாவம். யாரை எட்டி உதைச்சுச்சோ!”

அத்தைக்காரி சத்தமாகச் சொன்னாள். வரிசையில் காத்திருந்த எல்லாருக்கும் கேட்டது. அம்மா மடியில் இருந்த நாலு வயசுப் பெண்ணுக்கும் கேட்டது. பிறக்கும்போதே இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத பிள்ளை.

அளவெடுத்துக்கொண்டிருந்த செயற்கைக் கால் பொருத்துபவர் நாடாவை மேஜையில் வீசினார்.

“பிள்ளை முன்னாடி என்ன பேச்சு இது? நான் முஸ்லிம். எங்களுக்குப் போன ஜென்மமே கிடையாது.”

“உங்களுக்கு இல்லேன்னா எங்களுக்கும் இருக்கக் கூடாதா?”

“நம்பிக்கையை விடுங்க, நியாயத்தைச் சொல்லுங்க. என்ன செஞ்சோம்னு இவளுக்கு ஞாபகம் இருக்கா? எதுக்குன்னே தெரியாம வாங்குறதுக்குப் பேரு தண்டனையா? எங்க அறிஞர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கேட்டாச்சு இதை.”

“உடம்புதான் புதுசு. உயிர் பழசு.”

“ஒவ்வொரு உடம்புக்கும் அதுக்குன்னே ஓர் உயிர் வருதும்மா. இவளுக்கும் வந்தாச்சு. அப்புறம் பழைய உயிர் எங்கே வந்து நுழையும்? ஒரே உடம்புல ரெண்டு பேர் குடித்தனமா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தைக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்போ இது யார் தப்பு? சொல்லுங்க!”

“யார் தப்பும் இல்லை! காலில்லாம பிறக்குறது ஒரு தப்பா?”

பிள்ளையின் அம்மா தலை நிமிரவே இல்லை. அவர் அவளிடம் குரலை இறக்கினார். “உள்ளே கூட்டிட்டுப் போங்கம்மா. கம்பியைப் பிடிச்சு நிக்கப் பழகட்டும்.”

கதவு சாத்தியதும் அத்தைக்காரி விறுவிறுவென்று மேஜையருகே வந்தாள். சத்தம்தான் குறைந்திருந்தது, கோபம் குறையவில்லை.

“பேச்சுல ஜெயிச்சுட்டீங்க பாய். வீட்டுக்கு வந்து என் தம்பிகிட்டயும் இதைச் சொல்வீங்களா? பிள்ளை வயித்துல இருக்கும்போது இவ முழுங்கின காய்ச்சல் மாத்திரைதான் காரணம்னு தினம் இவளைப் போட்டு அடிச்சான். என்ன சொல்லியும் கேக்கலை. ஆறு மாசமா நான் போன ஜென்மம், போன ஜென்மம்னு போற இடமெல்லாம் கத்துறேன். ஆறு மாசமா இவ மேல ஓர் அடி விழலை.”

“அதுக்காகப் பச்சைப் பிள்ளை தலையில போடுவீங்களா?”

“வேற எங்கே போட? எனக்கு மட்டும் இதுல நம்பிக்கை இருக்குன்னா நினைச்சீங்க?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போன ஜென்மத்தை அவனால அடிக்க முடியாது பாய்.”