மாப்பிள்ளைச் சட்டை

"தோள்பட்டை தொளதொளன்னு இருக்குக்கா. இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும்."

மரிவிக் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். உள்ளேயிருந்த, ஆண்கள் விசேஷத்துக்குப் போடும் பாரோங் சட்டையைப் பார்த்ததும் எஸ்தெலிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் அதே தோள்பட்டையைப் பிடித்துத் தைத்து, ஓரப் பூக்களைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

லும்பன் ஊரில் அவளுடைய பூவேலைப் பட்டறை சின்னதுதான். வீட்டின் முன்கூடத்தில் ஜன்னலோரமாகத் துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் தைப்பார்கள். ஆனால் எஸ்தெலிதா கைபட்ட சட்டைக்காக மணிலாவிலிருந்துகூட ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். தைத்துக் கொடுத்த துணி திரும்பி வந்தது என்ற பேச்சே அங்கே கிடையாது.

மரிவிக் வந்த பிறகு அந்தப் பெயர் போயிற்று. பக்கத்து ஊரான சாந்தா குரூஸிலிருந்து ஜீப்னி வண்டியில் வருவாள். வரும்போதெல்லாம் வாழை இலையில் சுற்றிய எருமைப்பால் பாலாடைக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து பெண்களிடம் கொடுப்பாள். கொடுத்த கையோடு ஏதாவது ஒரு குறை சொல்வாள்.

முதலில் நூலின் நிறம் பளீரென்று இருக்கிறது என்றாள். மாற்றினார்கள். பிறகு மல்லிகைக் கொடி நெஞ்சுவரை வரவேண்டும் என்றாள். வந்ததும், கொடி நெருக்கமாக இருக்கிறது, நடுவில் நாலு பூவைப் பிரித்துவிடுங்கள் என்றாள். அதற்கப்புறம் அளவு. இடுப்பில் தொளதொள, மார்பில் தொளதொள, கழுத்தில் தொளதொள.

"மாப்பிள்ளை பட்டினி கிடக்கிறார் போலிருக்கு," என்றாள் பட்டறையிலேயே வாய்த்துடுக்குள்ள ஓப்பெங். "இப்படியே போனா கல்யாணத்தன்னிக்குச் சட்டை மட்டும்தான் சர்ச்சுக்கு வரும். உள்ள ஆள் இருக்க மாட்டார்."

பெண்கள் சிரித்தார்கள். டிசம்பர் கல்யாணங்களுக்காகச் சட்டங்களில் ஏறியிருந்த துணிகளோடு துணியாக இதற்கும் அவர்கள் 'மாப்பிள்ளைச் சட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மரிவிக் சிரிக்கவில்லை. எப்போது வேண்டும் என்று எஸ்தெலிதா கேட்டாள். இன்னும் நாள் தெரியவில்லை, ஆனால் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

எஸ்தெலிதாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்னாசி நார்த்துணி சும்மா பிரித்துப் பிரித்துத் தைக்கிற துணியா? மூச்சுக்காற்று பட்டால் பறக்கிற மெல்லிசு. ஒவ்வொரு தடவை நூலை உருவும்போதும் ஊசி போன துளை அப்படியே நிற்கும். இன்னொரு தரம் பிரித்தால் துணி கிழிந்துவிடும், அவ்வளவுதான். வேறு பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள் ஓப்பெங். எஸ்தெலிதா கேட்கவில்லை. இதை இப்படியே விட்டால், தைக்கத் தெரியாதவள் என்றல்லவா ஊர் சொல்லும்?

இந்தத் தடவை யாரையும் தொடவிடவில்லை. தானே உட்கார்ந்தாள். பழைய துளைகளின் மேலேயே இலைகளை ஓட்டி மறைத்தாள். தோளைப் பிடித்துத் தைத்து, தையலுக்குள் பாதி மறைந்துபோன பூக்களைப் பிரித்தெடுத்து மறுபடி முழுசாக்கினாள். கண் எரிந்தது. சோறு ஆறிப்போனது. வாசலில் வந்து நின்ற வேறு வாடிக்கையாளர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டாள். முடித்ததும் உள்ளங்கையைத் துணிக்கு அடியில் விரித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஊசிமுனை அளவுக்குக்கூட இடமில்லை.

மரிவிக் வந்தாள். சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். கொடியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள்.

அந்த முகம் மலரவில்லை. ஏதோ கைநழுவிப் போனதுபோல வெளுத்தது.

"ரொம்ப நல்லாயிருக்குக்கா," என்றாள். பிறகு கைமடிப்பைத் தொட்டுக் காட்டினாள். "இந்த ஒரு பூவை மட்டும் பிரிச்சு..."

எஸ்தெலிதா சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"போதும்மா. என் ஆயுசுல இப்படி ஒரு வேலை செஞ்சதில்லை, இப்படி ஒரு பேச்சும் வாங்கினதில்லை. ஒவ்வொரு தடவையும் நீ ஒரு குறை கண்டுபிடிக்கிறே. என் வேலை பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. இல்லைன்னா அந்த மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிட்டு வா. என் கண் முன்னால போட்டுப் பார்த்து அவரே சொல்லட்டும்."

மரிவிக் பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். இன்று அதை யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"மாப்பிள்ளைன்னு நிஜமாவே நினைச்சீங்களா?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க அப்பாவைப் பெட்டியில வைக்கறப்போ போடறதுக்குக்கா. அவர்தான் ஆசைப்பட்டுக் கேட்டார்."

மரிவிக் கைமடிப்பிலிருந்த அந்தப் பூவை மறுபடி தொட்டாள்.

"இது தயாராகிற வரைக்கும் சாக மாட்டேன்னு சொல்லியிருக்கார்."