முதல் தடவை வந்தவன்

“அவன் எதிர்காலத்துல இருந்து வந்தவனும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஏற்கெனவே அந்த வூட்டுக்கு வந்துட்டுப் போனவன்.”

நாராயணசாமி சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்தார். எதிரே பாயில் உட்கார்ந்திருந்த பிரவீன்குமார் கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தான்.

பேச்சு, ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும் ‘நாளைய விருந்தாளி’ தொடரைப் பற்றியது. இரண்டாயிரத்து எழுபதாம் வருஷத்தில் இருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஓர் ஆள் ஒரு டாக்டரம்மா வீட்டில் வந்து தங்குகிறான். அவன் சொல்வது நிஜமா, புளுகா என்று மூங்கில்துறைப்பட்டு டீக்கடைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தன.

ஆனால் இது டீக்கடை அல்ல, பெண் பார்க்கும் இடம். அந்த ஊர்க் கரும்பு விவசாயி நாராயணசாமியின் மகள் ரம்யாவைப் பார்க்க, உளுந்தூர்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார், தன் அம்மா ராஜாம்பாளோடும் தரகர் முனியனோடும் வந்திருந்தான்.

ஜாதகம் பொருந்தியது. உறவுமுறை பொருந்தியது. இருந்த ஒரே குறை, பையனும் பெண்ணும் ஒன்றரை வருஷமாகக் காதலித்துக்கொண்டிருந்தார்கள்.

அது தெரிந்தால் கல்யாணம் நடக்காது. ரம்யாவின் சித்தி ஒருத்தனை விரும்பிக் கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவள் பேரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று நாராயணசாமி சட்டம் போட்டிருந்தார். அதனால் காதலர்கள் இருவரும் முனியனை ரகசியமாகப் போய்ப் பார்த்து, புதுச் சம்பந்தம் போலக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். காலையில்கூட ரம்யா போனில் படித்துப் படித்துச் சொன்னாள்: “எங்கப்பா போலீஸ்காரர் மாதிரி. உஷாரா இரு.”

“எத வச்சி அப்பிடி சொல்றீங்க?” என்று பிரவீன்குமார் மெல்லக் கேட்டான்.

“போன வாரம் பாத்தியா இல்லியா? கரண்டு போயிடிச்சி. டாக்டரம்மா மெழுகுவத்திய தேடறாங்க. இவன் இருட்டுல நேரா போயி, அலமாரி மேல்தட்டுல கைய வுட்டு எடுத்துக் குடுக்கறான். மொதல் தடவ வர்றவனுக்கு எப்பிடி தெரியும்?”

“எதிர்காலத்துல அந்த வூட்டப் பத்தி படிச்சிருக்கலாங்க.”

“மெழுகுவத்தி எந்தத் தட்டுல இருக்குதுன்னா படிச்சிருப்பான்?”

ராஜாம்பாள் மகனுக்குக் கைகொடுத்தாள். “எனுக்கு அந்தப் பையன் நல்லவன்னுதான் தோணுதுங்க. மொகத்துல களை இருக்குது.”

“களை இருக்குதும்மா. புத்திதான் கம்மி. புளுகறவன் தெரிஞ்சதக்கூட தெரியாத மாதிரி கேக்கணும். இவன் ஜாஸ்தி தெரிஞ்சி வச்சிக்கினு மாட்டிக்கினான்.” சொல்லும்போது நாராயணசாமி பிரவீன்குமாரையே பார்த்தார்.

முனியன் பஜ்ஜியில் மும்முரமாக இருந்தார்.

சமையலறையில் காப்பித் தட்டோடு நின்ற ரம்யா கதவோரம் வந்து காது கொடுத்தாள். அப்பாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று பயந்தாள். அம்மா கண்ணகிதான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். “வந்தவங்ககிட்ட இன்னா பேச்சு இது? சீரியல் பேசற நேரமா?”

ரம்யா காப்பி கொடுத்தாள். பிரவீன்குமார் பாயின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“நிமிந்து பாரு தம்பி. மொதல் தடவையாதானே பாக்கற?” என்றார் நாராயணசாமி.

“ஆமாங்க.”

பார்த்தான். அவள் போய்விட்டாள். கண்ணகியும் பின்னாலேயே சமையலறைக்குள் போனாள். பிரவீன்குமாருக்கு வியர்த்தது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு. எழுந்திருந்தால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம் என்று கை கழுவக் கிளம்பினான்.

மனசு எங்கேயோ இருந்தது. கால் தானாக நடந்தது. கூடத்தைத் தாண்டி நேராகப் பின்கதவுக்குப் போனான். அது தரையில் இழுக்கும் கதவு. பிடியைத் தூக்கிப் பிடித்து, அடியில் காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். தூக்கினான், தட்டினான், திறந்தது. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் இருந்த குழாயைத் திருகினான்.

தண்ணீர் கையில் பட்டபோதுதான் உறைத்தது. ஆடி மாசம் ரம்யாவுக்குக் காய்ச்சல் என்று கள்ளக்குறிச்சியில் இருந்து கொண்டுவந்து விட்ட அன்று, வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் சொல்லிக்கொடுத்தபடி இந்தக் கதவைத் திறந்து, இதே குழாயில்தான் முகம் கழுவினான்.

உள்ளே கண்ணகியின் குரல் கேட்டது. “பின்கதவ யாரு தெறந்தது? நமக்கே லேசுல தெறக்காதே அது.”

“நான்தான் தெறந்து வுட்டேன்” என்று பதில் சொன்னது நாராயணசாமி.

துண்டோடு அவர் வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். பிரவீன்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஐயா, ரம்யா மேல தப்பு இல்லீங்க. நான்தான்...”

“மெதுவா பேசு. கண்ணகி காதுல வுழுந்தா சம்பந்தம் இத்தோட முடிஞ்சிது. அவ தங்கச்சி பேர எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நானு. போடச் சொன்னது அவ.”

பிரவீன்குமார் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினான்.

“கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல உங்க ரெண்டு பேரையும் நாலு தடவ பாத்துட்டேன். அவள ஏத்தி வுட்டுட்டு, பஸ்ஸு மறையற வரைக்கும் நின்னுக்கினு இருப்ப. எனுக்கு அது புடிச்சிருந்துது. நீங்க முனியன பாத்தது வெள்ளிக்கெழம. நான் புதன்கெழமையே பாத்து, உன் ஜாதகத்த கொண்டாரச் சொல்லிட்டேன்.”

துண்டை அவன் கையில் திணித்தார்.

“ஒரு மணி நேரமா சீரியல் கதையா சொல்லி உன்னத்தான்டா உஷார் பண்ணிக்கினு இருந்தேன். மொதல் தடவ வர்றவன், குழாய் எங்கன்னு ஒரு வார்த்த கேக்க வாணாம்?”